நுரையீரல் புற்றுநோய் பரவுவதில் புரதங்கள் என்ன செய்கின்றன?

நுரையீரலில் தோன்றிய கட்டி அங்கேயே அடங்கியிருக்கும்வரை, அறுவை சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ அதை அடியோடு நீக்கிவிட வாய்ப்பு உண்டு. நோயாளிகளில் பெரும்பாலோரின் உயிருக்கு உலை வைப்பவை அந்த முதல் கட்டியிலிருந்து கிளம்பி மூளை, எலும்பு, கல்லீரல், சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஆகிய இடங்களில் புதிதாக வேர்விடும் கட்டிகள்தான். 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் ஏறக்குறைய 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறக்குறைய 18 லட்சம் பேர் அதனால் இறந்தனர். வேறு எந்தப் புற்றுநோயும் இத்தனை உயிர்களைப் பறிப்பதில்லை. இருமலோ மூச்சிரைப்போ இல்லாமல், ஓயாத முதுகுவலிக்காகவோ திடீரென வந்த வலிப்புக்காகவோ மருத்துவரிடம் போன ஒருவருக்கு, நோய் நுரையீரலில் தொடங்கி முதுகெலும்புக்கோ மூளைக்கோ போய்விட்டது என்று தெரியவருவதும் அரிதன்று.

இப்படி மூளையில் காணப்படும் கட்டி மூளைப் புற்றுநோய் ஆகிவிடாது; இடம் மாறிய நுரையீரல் புற்றுநோயாகவே அது கருதப்படுகிறது, அதற்கேற்றபடியே சிகிச்சையும் அமைகிறது. ஆனால் மூளையிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு நுரையீரலிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? அந்தத் துணுக்கை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே தடிமன் உள்ள சீவல்களாக வெட்டி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, டிடிஎஃப்-1 என்ற புரதத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன்மேல் இடுகிறார்கள். அந்தப் புரதம் இருந்தால், நுண்ணோக்கியில் பார்க்கும்போது செல்களின் உட்கருக்கள் வரிசையாகப் பழுப்பு நிறத்தில் தெரியும். டிடிஎஃப்-1 முக்கியமாக நுரையீரல் செல்களும் தைராய்டு செல்களும் தயாரிப்பது. தைராய்டு அல்ல என்று வேறொரு புரதத்தைச் சோதித்து உறுதி செய்துகொண்டால், கட்டியின் பிறப்பிடம் பெரும்பாலும் தெளிவாகிவிடுகிறது. ஒரு செல் தன் ஊரை விட்டு எவ்வளவு தொலைவு போனாலும், அது எங்கே பிறந்தது என்பதை அதன் புரதங்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

புரதம் என்றதும் பலருக்கும் உணவுதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது செல்லுக்குள் வேலை செய்யும் மூலக்கூறுகள். மனித மரபணுத் தொகுப்பில் புரதம் தயாரிக்கும் குறிப்புகளைக் கொண்ட மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 உள்ளன. மரபணு என்பது குறிப்பு மட்டுமே; அண்டை செல்லைப் பற்றிக்கொள்வது, வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி உள்ளே கடத்துவது, தடைகளைக் கரைப்பது, நகர்வது ஆகிய எல்லாவற்றையும் செய்பவை புரதங்கள். ஆகவே, மரபணுவில் ஏற்படும் பிழை நோயாக மாறுவது பெரும்பாலும், அந்தப் பிழையால் ஒரு புரதம் உருமாறும்போதோ, அளவுக்கு மீறிப் பெருகும்போதோ, அறவே இல்லாமல் போகும்போதோதான்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது: புற்றுநோயைப் பரப்புவதற்கென்றே உடலில் எந்தப் புரதமும் இல்லை. கருவில் உறுப்புகள் உருவாகும்போதும், பிற்காலத்தில் காயங்கள் ஆறும்போதும் உடல் எந்தப் புரதங்களைப் பயன்படுத்துகிறதோ, அவற்றையே புற்றுநோய் செல்கள் வேண்டாத நேரத்தில், வேண்டாத இடத்தில் இயக்குகின்றன. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், சில மருந்துகள் ஏன் தோற்றன, சில ஏன் வென்றன என்பது பின்னால் எளிதாக விளங்கும்.

பரவலின் முதல் படி, பிரிந்து வருதல். நுரையீரலின் மூச்சுக்குழாய்களையும் காற்றறைகளையும் உட்புறமாகப் போர்த்தியிருக்கும் செல்கள், அருகிலுள்ளவற்றோடு கைகோத்து நிற்கும் பிள்ளைகளைப்போல நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன. அந்தக் கைகளில் முக்கியமானது ஈ-கேட்ஹெரின் என்ற புரதம். இது செல்லின் மேற்பரப்பிலிருந்து நீண்டு, அண்டை செல்லின் ஈ-கேட்ஹெரினைக் கால்சியத்தின் துணையோடு பற்றிக்கொள்கிறது. புற்றுநோய் செல்களைச் சுற்றியுள்ள திசுவில் டிஜிஎஃப்-பீட்டா என்ற செய்திப் புரதம் மிகும்போது, அந்தச் செல்களுக்குள் ஸ்னெயில், ஸெப்-1 போன்ற கட்டுப்பாட்டுப் புரதங்கள் விழித்துக்கொண்டு, ஈ-கேட்ஹெரினைத் தயாரிக்கும் மரபணுவை அடக்கிவிடுகின்றன. அதற்குப் பதிலாக விமென்டின் போன்ற, நகரும் செல்களுக்கே உரிய புரதங்கள் பெருகுகின்றன. ஒட்டி நின்ற செல் நீண்டு மெலிந்து, தனித்து நகரும் இயல்பைப் பெறுகிறது.

இந்த உருமாற்றத்தை ஒரு சுவிட்சைப் போட்டு அணைப்பதுபோல விளக்கும் படங்கள் பாடநூல்களில் நிறைய உண்டு. உண்மை அவ்வளவு கறாரானது அன்று. ஓரளவு ஒட்டும் தன்மையும் ஓரளவு நகரும் தன்மையும் சேர்ந்த இடைநிலையிலேயே பல செல்கள் இருக்கின்றன. அத்தகைய செல்கள் சிறு கொத்துகளாகச் சேர்ந்து பயணம் செய்வதும் உண்டு. புதிய இடத்தில் கட்டியாக வளர வேண்டுமானால் பழைய ஒட்டும் தன்மை மீண்டும் தேவைப்படுவதால், போய்ச் சேர்ந்தபின் ஈ-கேட்ஹெரினை மறுபடியும் தயாரிக்கத் தொடங்கும் செல்களும் உள்ளன.

பிரிந்த செல்லின் முன்னால் நிற்கும் தடை, அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய, ஆனால் உறுதியான விரிப்பு. நான்காம் வகைக் கொலாஜன் என்ற புரதத்தால் பின்னப்பட்டது அது. அதை அரிப்பவை எம்எம்பி எனப்படும் நொதிகள். இவற்றின் மையத்தில் ஒரு துத்தநாக அணு இருக்கிறது. இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினர் புற்றுநோய் ஆய்வில் கிடைக்கவில்லை. தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது அதன் வால் எப்படிக் கரைந்து மறைகிறது என்று ஆராய்ந்த ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாபியர் ஆகிய இருவரும் 1962-இல் கொலாஜனைக் கரைக்கும் நொதியை அந்த வாலில் கண்டறிந்தனர். மனித உடலிலும் காயம் ஆறுவதற்கும் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்கும் இதே குடும்பத்தின் நொதிகள் வேண்டும். அவை கட்டுமீறாதபடி பார்த்துக்கொள்ள டிம்ப் எனப்படும் தடுப்புப் புரதங்களும் உடலில் உள்ளன. நுரையீரல் புற்றுநோய்க் கட்டிகளில் எம்எம்பி-2, எம்எம்பி-9 ஆகிய இரண்டும் மிகுந்து காணப்படுவதும், அவை மிகுந்த கட்டிகள் பரவும் போக்குடையவையாக இருப்பதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன.

அப்படியானால் இந்த நொதிகளை முடக்கினால் போதுமே என்ற எண்ணம் இயல்பாக எழும். 1990-களில் மருந்து நிறுவனங்களும் அப்படித்தான் எண்ணின. மரிமாஸ்டாட், பிரினோமாஸ்டாட் முதலிய தடுப்பு மருந்துகள் ஆய்வுக்கூட எலிகளில் நம்பிக்கை தந்தன. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சோதித்தபோது ஆயுளை நீட்டவில்லை. போதாக்குறைக்கு மூட்டுவலியும் தசைவலியும் வந்தன. இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் கவனிக்கத்தக்கவை. இந்த மருந்துகள் குடும்பத்தின் பல நொதிகளை வேறுபாடின்றி முடக்கின. ஆனால் அவற்றில் சில கட்டிக்கு எதிராகவும் வேலை செய்பவை, எடுத்துக்காட்டாகப் புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் புரதத் துணுக்குகளை வெட்டித் தருபவை. அதோடு, மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிகளில் பெரும்பாலோருக்கு நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. சவ்வைத் தாண்டும் கட்டம் கடந்த பிறகு, தாண்ட உதவிய நொதியைத் தடுப்பதால் ஆவது என்ன? ஒரு புரதம் குற்றம் நடந்த இடத்தில் இருந்தது என்பதற்கும், அதைத் தடுத்தால் நோய் அடங்கும் என்பதற்கும் இடையே எவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

சவ்வைத் தாண்டிய செல் ரத்தக்குழாயை அடைய வேண்டும். அதற்கு வழியமைத்துத் தருவது பெரும்பாலும் கட்டியே வெளியிடும் விஇஜிஎஃப் என்ற புரதம். ஆக்சிஜன் போதாமல் தவிக்கும் கட்டிச் செல்கள் இதைச் சுரந்து, அருகிலுள்ள ரத்தக்குழாய்களைத் தம் பக்கம் கிளைவிடச் செய்கின்றன. அவசரத்தில் முளைத்த இந்தக் குழாய்கள் ஒழுகும் தன்மை கொண்டவை. ஆகவே உணவு உள்ளே வரும் வழியே செல்கள் வெளியேறும் வழியாகவும் ஆகிவிடுகிறது. கட்டிகள் வளர்வதற்குப் புதிய ரத்தக்குழாய்கள் தேவை என்ற கருத்தை ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்தார். விஇஜிஎஃபைப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து 2006-இல் ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. செதிள் செல் வகை எனப்படும் இன்னொரு வகை நுரையீரல் புற்றுநோய்க்கு அதைத் தருவதில்லை, ஏனெனில் அவ்வகையில் நுரையீரலுக்குள் கடும் ரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து இருப்பது தெரியவந்தது.

ரத்தத்தில் இறங்கியதும் செல்லின் வேலை எளிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பற்றுக்கோடு இழந்த செல் தானாகவே மடிந்துபோவது உடலின் பாதுகாப்பு ஏற்பாடு; ரத்த ஓட்டத்தின் விசையும் எதிர்ப்புச் செல்களும் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. ரத்தத்தில் நுழையும் புற்றுநோய் செல்களில் மிக மிகச் சொற்பமானவையே எங்கேனும் கட்டியாக வளர்கின்றன. தப்பிப் பிழைப்பவற்றுக்குத் துணை நிற்பவை ரத்தத் தட்டணுக்கள். திசுக் காரணி என்ற உறைதல் புரதத்தைச் சில புற்றுநோய் செல்கள் மேற்பரப்பில் தாங்கியிருப்பதால், தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் அவற்றைச் சுற்றி ஒட்டிக்கொண்டு மறைப்பாகின்றன. வேறு சில செல்கள் பிடி-எல்1 என்ற புரதத்தை மேற்பரப்பில் ஏந்துகின்றன. இது எதிர்ப்புச் செல்களான டி செல்களின் பிடி-1 என்ற ஏற்பியை (வெளியிலிருந்து செய்தி வாங்கும் மேற்பரப்புப் புரதத்தை) தொட்டு, தாக்குதலை நிறுத்தச் செய்கிறது. பிடி-1 ஜப்பானிய அறிவியலாளர் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டு 1992-இல் அறிவிக்கப்பட்டது. 2018-இல் அவர் ஜேம்ஸ் அலிசனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையின் தூண்களில் ஒன்றாக இருக்கும் பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள், இந்தத் தொடுதலைத் தடுத்து டி செல்களை மீண்டும் வேலைக்கு அனுப்புகின்றன.

நுரையீரல் புற்றுநோய் மூளைக்கு ஏன் இவ்வளவு எளிதாகப் போகிறது என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதி உடலமைப்பில் இருக்கிறது. குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலின் நுண்குழாய்களில் வடிகட்டப்படுகிறது; மற்றப் பெரும்பாலான உறுப்புகளின் ரத்தம் இதயம் வழியாக நுரையீரலின் நுண்குழாய்களுக்கு வருகிறது. நுரையீரலிலிருந்து கிளம்பும் ரத்தமோ நேராக இதயத்தின் இடப்பக்கம் போய், பெருந்தமனியில் ஏறி, இடையில் எந்த வடிகட்டியும் இல்லாமல் மூளையை அடைகிறது. ஆனால் ரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்றால், ரத்தம் நிறையப் பாயும் தசைகளிலும் அதே அளவு கட்டிகள் தோன்ற வேண்டும்; அப்படித் தோன்றுவதில்லை. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் 1889-இல், மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களின் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைக் கொண்டு எழுதினார். அந்த மண்ணின் தன்மையையும் இன்று புரதங்களைக் கொண்டே விளக்குகிறோம்.

மூளைத் திசு, வெளியிலிருந்து வரும் செல்களை எளிதில் ஏற்பதில்லை. புற்றுநோய் செல் நுழைந்ததும் அங்குள்ள துணைச் செல்கள் பிளாஸ்மின் என்ற நொதி உருவாக வழிசெய்கின்றன. அது வந்த செல்லை மடியச் செய்யும் சமிக்ஞையை விடுவிக்கிறது, நுண்குழாய்மீது ஒட்டிப் படர உதவும் எல்1கேம் என்ற புரதத்தையும் சிதைக்கிறது. மூளையில் வேரூன்றும் திறன் பெற்ற நுரையீரல், மார்பகப் புற்றுநோய் செல்கள், பிளாஸ்மின் உருவாவதைத் தடுக்கும் செர்பின் புரதங்களைத் தயாரித்துக்கொண்டு வருகின்றன என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தச் செர்பின்களில் ஒன்று நரம்புச் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தயாரிப்பது. எலும்பில் கதை வேறு: அங்கே புற்றுநோய் செல்கள் ராங்க்-எல் என்ற புரதத்தைப் பெருகச் செய்து, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டுகின்றன, எலும்பு கரையும்போது அதில் பொதிந்திருந்த வளர்ச்சிப் புரதங்கள் விடுபட்டுக் கட்டிக்கே தீனியாகின்றன. டெனோசுமாப் என்ற மருந்து ராங்க்-எல்லைப் பிடித்து, எலும்பு முறிவுகளைக் குறைக்கிறது.

இதுவரை சொன்னவை பயணத்துக்கு உதவும் புரதங்கள். இவற்றுக்குப் பின்னால், ஓயாமல் வளரச் சொல்லும் புரதங்கள் இருக்கின்றன. இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி, வெளியிலிருந்து வளர்ச்சிச் செய்தி வந்து தொட்டால் மட்டுமே இயங்க வேண்டும். உருமாறிய இஜிஎஃப்ஆர் யாரும் தொடாமலேயே இயங்குகிறது. இந்த மாற்றம் உள்ள கட்டிகளே கெஃபிடினிப் என்ற மாத்திரைக்குச் சிறப்பாகக் கட்டுப்படுகின்றன என்று 2004-இல் தெரிந்தபோது, நுரையீரல் புற்றுநோய் சிகிச்சையின் போக்கே மாறியது. 2007-இல் ஹிரோயுகி மானோவின் குழு, இரு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொண்டதால் பிறக்கும் இஎம்எல்4-ஆல்க் என்ற கலப்புப் புரதத்தைக் கண்டறிந்தது. நான்கே ஆண்டுகளில் அதற்கு கிரிசோடினிப் என்ற மருந்து சந்தைக்கு வந்தது. கேராஸ் என்ற புரதமோ ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் எந்த மருந்துக்கும் பிடிகொடுக்கவில்லை. அதன் ஒரு குறிப்பிட்ட உருமாற்றத்துக்கான சோடோராசிப் 2021-இல்தான் அனுமதி பெற்றது. எம்எம்பி தடுப்பு மருந்துகள் தோற்ற இடத்தில் இவை வென்றதற்குக் காரணம், இஜிஎஃப்ஆர், ஆல்க் ஆகியவற்றின் உருமாறிய வடிவங்கள் முதல் கட்டியிலும் பரவிய கட்டிகளிலும் ஒருசேர இருப்பதும், அந்தச் செல்கள் அவற்றையே நம்பி உயிர்வாழ்வதும்தான்.

வைட்டமின் மாத்திரைகள் பற்றிய ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நோயாளிகள் தாமாகவே வாங்கி உட்கொள்பவை அவை. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சத்துகள் புற்றுநோயிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கையில், ஃபின்லாந்தில் 29,000-க்கு மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உட்கொண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. பரவலைப் பொறுத்தவரை இதற்கு ஒப்பான ஒரு விளைவு பேக்-1 என்ற புரதத்தின் வழியே நிகழக்கூடும் என்று, ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே இயங்கிய இரு குழுக்கள் 2019-இல் காட்டின. செல்லுக்குள் ஆக்சிஜனேற்ற நெருக்கடி இருக்கும்போது ஹீம் என்ற மூலக்கூறு விடுபட்டு, பேக்-1-உடன் இணைந்து அதைச் சிதைவுக்கு அனுப்புகிறது. வைட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் போன்றவை அந்த நெருக்கடியைத் தணித்துவிட்டால், விடுபட்ட ஹீம் குறைகிறது; பேக்-1 சிதையாமல் குவிகிறது; குளுக்கோஸை வேகமாக எரிக்கும் மரபணுக்களை அது முடுக்கிவிட, செல்கள் இடம்பெயரும் வலிமை பெறுகின்றன. மாத்திரை எதுவும் உட்கொள்ளாமலேயே, கீப்-1 என்ற புரதம் பழுதான கட்டிகளும் இதே நிலையை அடைகின்றன. இவை எலிகளிலும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனிதச் செல்களிலும் கண்டவை. காய்கனிகளை ஒதுக்கச் சொல்பவை அல்ல. ஆனாலும், நுரையீரல் புற்றுநோய் உள்ள ஒருவர் செறிவூட்டிய சத்து மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்குவது சரியன்று என்பதே என் கருத்து.

புதிய புரதம் கண்டுபிடிப்பு, புற்றுநோய்ப் பரவலுக்கு முற்றுப்புள்ளி என்ற வகைச் செய்திகளைப் படிக்கும்போது, அந்தப் புரதத்தின் மறுபக்கத்தையும் தேடிப் பார்ப்பது பயன்தரும். முன்பு சொன்ன டிடிஎஃப்-1-ஐயே எடுத்துக்கொள்வோம். சில நுரையீரல் கட்டிகளில் அதன் மரபணு பல படிகளாகப் பெருகி, கட்டி வளர உதவுகிறது. எலிகளில் 2011-இல் நடந்த ஆய்விலோ, அதே புரதத்தை இழந்த கட்டிகளே தம் நுரையீரல் அடையாளத்தைத் துறந்து மற்ற உறுப்புகளுக்குப் பரவின. ஒரே புரதம் ஒரு கட்டத்தில் துணையாகவும் இன்னொரு கட்டத்தில் தடையாகவும் இருக்கிறது. எந்தக் கட்டத்தில், எந்த வகைக் கட்டியில், எலியிலா மனிதரிலா என்ற மூன்றையும் சொல்லாத செய்தியை அரைகுறைச் செய்தியாகவே கொள்ளலாம்.

நோயாளிக்கு நடைமுறையில் இது எப்படி வந்து சேர்கிறது? நோய் உறுதியானதும், எடுத்த திசுவில் பிடி-எல்1 எத்தனை விழுக்காடு செல்களில் இருக்கிறது என்று எண்ணப்படுகிறது. இஜிஎஃப்ஆர், ஆல்க், கேராஸ் முதலியவற்றில் மாற்றம் உண்டா என்று சோதிக்கப்படுகிறது. ஒருமுறை சோதித்ததோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. கெஃபிடினிப் போன்ற முதல் தலைமுறை மருந்துகளுக்குக் கட்டுப்பட்டிருந்த நோய் மீண்டும் தலைதூக்கும்போது, ஏறக்குறைய பாதிப் பேரிடம் இஜிஎஃப்ஆர் புரதத்தின் 790-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறி, மருந்து பலிக்காமல் போயிருக்கிறது. மூளைக்குள்ளும் ஓரளவு நன்றாகச் செல்லும் ஓசிமெர்டினிப், அந்த மாற்றத்தையும் மீறிச் செயல்படுவதற்காகவே உருவாக்கப்பட்டு 2015-இல் அனுமதி பெற்றது. வேறு சிலரிடம் இஜிஎஃப்ஆர் அப்படியே இருக்க, மெட் என்ற வேறோர் ஏற்பி பெருகி அதன் வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும். இந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்பது பழைய திசுவைப் பார்த்துத் தெரியாது. அதனால்தான், மருந்து பலனளிப்பது நின்றதும், மருத்துவர்கள் பரவிய கட்டியிலிருந்து மீண்டும் ஒரு துணுக்கையோ, கட்டி ரத்தத்தில் சிந்தும் டிஎன்ஏவைச் சோதிக்க ஒரு குழாய் ரத்தத்தையோ கேட்கிறார்கள்.